பிட்காயின் பத்திரமாகத்தான் இருந்தது, முடங்கியது என் வங்கிக் கணக்கு

2024 நவம்பர் 30, சனிக்கிழமை சாயங்காலம். டிவியில் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடப்பதைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். எங்கள் திண்டுக்கல் பக்கம் வெறும் தூறல்தான். பின்கட்டின் ஓடு சரிந்துவிட்டதால், மழைக்காலம் என்று தெரிந்தும் தளம் போட இறங்கியிருந்தோம். சனிக்கிழமை கூலி நாள். மேஸ்திரி, இரண்டு கொத்தனார், மூன்று சித்தாள், எல்லோரும் கைகால் கழுவிவிட்டு வாசலில் நிற்கிறார்கள். நான்கு நாள் வேலைக்கு 19,600 ரூபாய். போனில் அனுப்பினேன், போகவில்லை. மறுபடி அனுப்பினேன், போகவில்லை. "என்ன டீச்சர், சர்வர் பிரச்சனையா?" என்றார் மேஸ்திரி. "ஆமாண்ணே, புயல்ல" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் என் தங்கச்சிக்கு ஒரு ரூபாய் அனுப்பிப் பார்த்தேன். அந்த ஒரு ரூபாயும் போகவில்லை. இருப்புத் தொகை மட்டும் 1,71,000 சொச்சம் என்று அழகாகக் காட்டியது. பக்கத்து வீட்டு அக்காவிடம் பத்தாயிரம், வீட்டுக்காரர் பையில் இருந்தது, உண்டியல் என்று திரட்டி ஒருவழியாக அவர்களை அனுப்பிவைத்தேன். அன்று இரவு தூங்கவில்லை. ஏனென்றால் காரணம் எனக்குப் பாதி புரிந்துவிட்டது.

நான் ஒரு தனியார் பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சர். பிட்காயின் வாங்க ஆரம்பித்தது 2020 ஆகஸ்டில், ஊரடங்கில் ஆன்லைன் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்த நாட்களில். பிட்காயின் போன்ற கிரிப்டோ காசுகளைக் கையாளும் நிறுவனங்களுக்கு வங்கிகள் சேவை தரக்கூடாது என்று 2018-இல் ரிசர்வ் வங்கி போட்டிருந்த சுற்றறிக்கையை 2020 மார்ச்சில்தான் உச்ச நீதிமன்றம் ரத்து செய்திருந்தது. டியூஷன் காசில் மாதம் 1,500 ரூபாய் எடுத்து வைத்து மூன்று வருடம் வாங்கினேன். மொத்தம் 54,000 ரூபாய். கையில் சேர்ந்தது கிட்டத்தட்ட 0.026 பிட்காயின். ஸ்டாஃப் ரூமில் இதைப் பற்றி ஆளுக்கொரு கருத்து. தமிழ் ஐயா "கண்ணுக்குத் தெரியாத காசு" என்பார். கணக்கு டீச்சர் அதற்கு ஏலச்சீட்டே தேவலை என்பார். விலை ஏறியதும் இரண்டு பேரும் தனித்தனியாக வந்து எப்படி வாங்குவது என்று கேட்டார்கள். வீட்டில் நான் வாங்குவது தெரியும், எவ்வளவு என்பது தெரியாது.

பாதுகாப்பு விஷயத்தில் நான் கெட்டிக்காரி என்ற நினைப்பு எனக்கு இருந்தது. 2024 ஜூலையில் வசீர்எக்ஸ் என்ற கிரிப்டோ வாங்கி விற்கும் இணையதளத்திலிருந்து ஏறக்குறைய 23 கோடி டாலர் மதிப்புள்ள காசுகள் திருடுபோன செய்தி வந்ததும், நான் வைத்திருந்தது வேறு தளம் என்றாலும், எல்லாவற்றையும் என் சொந்த வாலட்டுக்கு, அதாவது சாவி என் கையிலேயே இருக்கும் டிஜிட்டல் பணப்பைக்கு, மாற்றிவிட்டேன். வாலட்டை மீட்க அது தரும் 12 சொற்களைப் பென்சிலால் இரண்டு தாளில் எழுதினேன். போட்டோ எடுக்கவில்லை, வாட்ஸ்அப்பில் எனக்கு நானே அனுப்பிக்கொள்ளவில்லை. ஒன்று எங்கள் பீரோவில், இன்னொன்று வேடசந்தூரில் அம்மா வீட்டில் என் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டோடு. முதலில் 500 ரூபாய்க்கு மட்டும் அனுப்பி, வாலட்டை அழித்துவிட்டு, தாளில் இருந்த சொற்களைப் போட்டு மீட்டுப் பார்த்த பிறகுதான் மீதியை அனுப்பினேன். இதை மட்டும் எல்லோரும் செய்யுங்கள், ஒரு மணி நேர வேலை. எழுதும்போது ஒரு சொல்லை மாற்றி எழுதியிருந்தேன், அந்த ஒத்திகையில்தான் அது தெரிந்தது. மீட்டுப் பார்க்காத தாளை நம்பி லட்சங்களை வைத்திருப்பவர்களை நினைத்தால் இப்போதும் பயமாக இருக்கிறது. இவ்வளவு பார்த்துச் செய்தவள்தான் விற்கும்போது கோட்டை விட்டேன்.

வீட்டுக்குத் தளம் போடப் பணம் வேண்டியிருந்தது. நவம்பர் நடுவில் பிட்காயின் 90,000 டாலரைத் தொட்டிருந்தது. நேராகக் கிரிப்டோ தளத்திலேயே விற்று ரூபாயாக எடுத்திருக்கலாம். ஆனால் பிட்காயினை யூ.எஸ்.டி.டி (ஒன்று ஒரு டாலர் மதிப்புக்கு நிற்கும் கிரிப்டோ காசு) ஆக்கி, அதை பி-டு-பி முறையில் விற்றால் ஒரு டாலருக்கு நான்கு ரூபாய் வரை கூடுதலாகக் கிடைக்கும் என்று பார்த்தேன். பி-டு-பி என்றால் வாங்குபவர் உங்கள் வங்கிக் கணக்குக்கு நேரடியாக ரூபாய் அனுப்புவார். அதுவரை உங்கள் கிரிப்டோ காசைத் தளம் பிடித்து வைத்திருக்கும். பணம் வந்தது என்று நீங்கள் பொத்தானை அழுத்தினால் காசு அவருக்குப் போகும். நான் விற்றது 2,170 யூ.எஸ்.டி.டி அளவு. அதாவது எட்டாயிரத்துச் சொச்சம் ரூபாய் அதிகம் கிடைக்கும் என்று கணக்குப் போட்டேன். அது மேஸ்திரியின் ஒன்றரை வாரக் கூலி, விட மனசு வரவில்லை.

இரண்டு நாளில் நான்கு பேருக்கு விற்றேன். 50,000, 50,000, 46,000, 44,000. முதல் இரண்டும் சுத்தமாக முடிந்தன. மூன்றாவது ஆள் "பணம் அனுப்பிட்டேன் மேடம்" என்று சாட்டில் எழுதினார். என் கணக்கைப் பார்த்தேன், 46,000 வந்திருந்தது. ஆனால் தளத்தில் அவர் பெயர் ஒரு ஆண் பெயர், பணம் வந்த கணக்கு ஒரு பெண்ணின் பெயர். கேட்டேன். "அது என் அக்கா அக்கவுன்ட் மேடம், என் லிமிட் முடிஞ்சிடுச்சு" என்றார். அந்த நேரம் அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது, நிஜமாகவே. பணம்தான் வந்துவிட்டதே என்று பொத்தானை அழுத்திவிட்டேன். என் ஏழு மாதத் தலைவலியும் அந்த ஒரு அழுத்தலில் இருந்து வந்ததுதான். தளத்தின் விதியிலேயே எழுதியிருந்தது, வேறு பெயரில் பணம் வந்தால் காசை விடுவிக்காதே, முறையீடு செய் என்று. படித்திருந்தேன். வகுப்பில் பிள்ளைகளுக்கு பாஸ்வேர்டு பற்றி அரை மணி நேரம் பேசுகிறவள் நான்.

திங்கட்கிழமை அரை நாள் விடுப்புப் போட்டு வங்கிக்குப் போனேன். கவுன்டரில் இருந்த பெண் திரையைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி "மேனேஜரைப் பாருங்க" என்றார். மேனேஜர் என்னை உட்காரச் சொல்லவில்லை. வடமாநிலம் ஒன்றின் சைபர் க்ரைம் போலீஸ் கேட்டுக்கொண்டதால் கணக்கில் இருந்து பணம் வெளியே போவதை நிறுத்தி வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான் தெரியும் என்றார். என் பின்னால் எங்கள் பள்ளிப் பெற்றோர் ஒருவர் நகைக்கடனுக்காக நின்றுகொண்டிருந்தார். காது எரிந்தது. வெளியே வந்து பைக் ஸ்டாண்டில் நின்று அழுதேன். முதல் தடவை வெறும் கையோடு திரும்பியது என் தப்பு. கேட்க வேண்டியது மூன்று விஷயம்: புகாரின் ஒப்புகை எண், எந்த மாநிலம் எந்தக் காவல் நிலையம், சந்தேகத்துக்குரிய தொகை எவ்வளவு. இதை வாயால் கேட்காமல் எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். நான் மூன்றாம் முறை போனபோதுதான் அப்படிச் செய்தேன், அன்றே ஒரு தாள் கிடைத்தது. தொகை 46,000. தேதியும் பொருந்தியது.

இது எப்படி நடக்கிறது என்பது பிறகுதான் புரிந்தது. எங்கோ ஒருவர் ஏமாந்து பணத்தை விடுகிறார். உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குப் போன் செய்கிறார் அல்லது தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பதிகிறார். அந்தப் பணம் முதலில் போன கணக்கு, அங்கிருந்து போன கணக்கு, அதற்கும் அடுத்தது என்று ஒவ்வொரு அடுக்காகத் துரத்திக்கொண்டே போய், பணம் தொட்ட கணக்கையெல்லாம் வங்கிகள் மூலம் நிறுத்துகிறார்கள். நான் மூன்றாவது அடுக்கு. திருடனுக்குத் தேவை ரூபாயைக் கிரிப்டோ காசாக மாற்றிக்கொண்டு மறைவது. அந்த "அக்கா" கணக்கு யாரோ கமிஷனுக்காக வாடகைக்கு விட்ட கணக்கு. சில சமயம் ஏமாந்தவரையே நேராக உங்கள் கணக்குக்கு அனுப்ப வைப்பார்களாம். அப்படியானால் நீங்கள்தான் முதல் அடுக்கு, போலீஸ் கண்ணுக்கு நீங்களே திருடன். பிட்காயினை யாராலும் முடக்க முடியாது என்று ஸ்டாஃப் ரூமில் பெருமை பேசியிருக்கிறேன். முடக்கவில்லைதான். அது ரூபாயாகி வந்து விழுந்த இடம் என் சம்பளக் கணக்கு. அதில்தான் பைக் கடன் தவணை, அதில்தான் எல்.ஐ.சி, அதில்தான் கேஸ் மானியம். டிசம்பர் 5-ஆம் தேதி தவணை திரும்பியது, அபராதம் 590 ரூபாய். டிசம்பர் சம்பளமும் உள்ளே வந்தது, வெளியே வரவில்லை.

இந்த இடத்தில் இன்னொரு முட்டாள்தனம் செய்தேன். டெலிகிராமில் ஒருவர், மூன்றே நாளில் கணக்கைத் திறந்து தருவேன், போலீஸில் ஆள் இருக்கிறது என்றார். 15,000 கேட்டார், பேரம் பேசி 6,000 முன்பணம் கொடுத்தேன். வீட்டுக்காரர் கணக்கிலிருந்து, அவரிடம் பள்ளிக்கூடச் செலவு என்று பொய் சொல்லி. நான்காம் நாள் அந்த ஆள் என்னை பிளாக் செய்துவிட்டார். ஏமாந்தவரைத் தேடி வந்து இரண்டாம் முறை ஏமாற்றுவதற்கென்றே ஒரு கூட்டம் இருக்கிறது. கணக்கு முடங்கினால் முதல் வாரத்தில் இவர்கள்தான் மிக அன்பாகப் பேசுவார்கள். அந்த 6,000 போன அன்று ராத்திரிதான் வீட்டில் எல்லாவற்றையும் சொன்னேன். தளம் போடும் காசு டியூஷன் சேமிப்பு என்று நம்பிக்கொண்டிருந்தவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் "செயினை வைச்சிடலாம், மேஸ்திரியை நிறுத்த வேண்டாம்" என்றார். கூட்டுறவு வங்கியில் என் செயினை வைத்து 80,000 வாங்கினோம். அவரிடம் முதல் நாளே சொல்லியிருந்தால் அந்த 6,000 மிஞ்சியிருக்கும், தூக்கமும் மிஞ்சியிருக்கும்.

விசாரணை அதிகாரியைப் பிடிப்பது அடுத்த பாடு. தேசியப் புகார் தளத்திலேயே ஒவ்வொரு மாநிலத்துக்கும் தொடர்பு அதிகாரிகளின் எண்ணும் மின்னஞ்சலும் இருக்கின்றன, அங்கிருந்து தொடங்கலாம். நான் அழைத்தால் அவர்கள் இந்தியில் பேசுகிறார்கள், எனக்கு "நமஸ்தே" தாண்டி வராது. எங்கள் பள்ளி வாட்ச்மேன் அண்ணன் இருபது வருடம் ராணுவத்தில் இருந்தவர். ஒருநாள் மதிய உணவு நேரத்தில் கேட் பக்கத்து வேப்பமரத்தடியில் நின்று, போனை ஸ்பீக்கரில் போட்டு, என் சார்பாக அவர் பேசினார். விறைப்பாக நின்றுகொண்டுதான் பேசினார். இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை "சார்ஜி". ஐந்து நிமிடத்தில் அந்தப் பக்கம் குரல் இறங்கியது. என்னென்ன ஆவணம் வேண்டும் என்று அவர் சொல்லச் சொல்ல, நான் வருகைப் பதிவேட்டின் பின் அட்டையில் எழுதிக்கொண்டேன். ஆதார், பான், ஆறு மாத வங்கி அறிக்கை, அந்த விற்பனையின் ஆர்டர் எண்ணோடு தளத்தின் பதிவு, சாட் உரையாடல், பிட்காயின் எப்போது எப்படி வாங்கினேன் என்பதற்கான சான்று, எல்லாவற்றையும் விளக்கி நோட்டரி கையெழுத்தோடு ஒரு கடிதம்.

இங்கே எனக்கு ஒரு பாடம் காத்திருந்தது. பிட்காயின் கைமாறுவதைப் பதியும் பொதுப் பதிவேடான பிளாக்செயின்தான் எல்லாவற்றையும் அழியாமல் பதிந்து வைக்குமே, சான்றுக்கு என்ன குறை என்று நினைத்திருந்தேன். பரிவர்த்தனை எண்ணை எடுத்துப் போய்ப் பார்த்தால், என் வாலட்டிலிருந்து தளத்துக்கு நான் அனுப்பிய 0.024 மட்டும்தான் அதில் இருக்கிறது, 200 ரூபாய்ச் சொச்சம் கட்டணத்தோடு. அதற்கப்புறம் நடந்த எதுவும் இல்லை. தளத்துக்கு உள்ளே நான் யூ.எஸ்.டி.டி ஆக்கியதும், அந்த ஆளுக்குக் கைமாறியதும் தளத்தின் சொந்தக் கணக்குப் புத்தகத்தில் ஓர் எண் குறைந்து இன்னோர் எண் கூடியது, அவ்வளவே. பிளாக்செயினைத் தொடவே இல்லை. ஆக, எனக்குச் சான்று என்பது தளம் தரும் ஆர்டர் பக்கமும் நான் எடுத்து வைத்த ஸ்கிரீன்ஷாட்டும்தான். நல்லவேளை, "அக்கா அக்கவுன்ட்" உரையாடலை எடுத்து வைத்திருந்தேன். விற்ற அன்றே ஆர்டர் பக்கம், சாட், பணம் வந்த வங்கிக் குறுஞ்செய்தி, அனுப்பியவர் பெயர் தெரியும் அறிக்கை, இந்த நான்கையும் ஒரு கோப்பாக்கி வையுங்கள். ஆறு மாதம் கழித்துத் தேடினால் கிடைக்கும் என்று நம்ப வேண்டாம்.

எல்லாவற்றையும் மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும் அனுப்பினேன். பதில் இல்லை. பிறகு ஒரு வக்கீலைப் பார்த்தேன், 8,000 ரூபாய். அவர் செய்தது எளிய வேலை, ஆனால் எனக்குத் தெரியாத வேலை. சந்தேகப்படும் சொத்தைப் போலீஸ் நிறுத்தி வைக்கும் அதிகாரம் முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 102-ஆம் பிரிவு, 2024 ஜூலையிலிருந்து அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவு. நிறுத்தினால் மாஜிஸ்திரேட்டுக்குத் தெரிவிக்க வேண்டும். சந்தேகத்துக்குரிய தொகைக்கு மட்டும் தடை வைத்துவிட்டு மீதிக் கணக்கை இயங்க விட வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றமும் கேரள உயர் நீதிமன்றமும் இதுபோன்ற வழக்குகளில் சொல்லியிருக்கின்றன. அதைக் குறிப்பிட்டு வங்கிக்கும் அந்தக் காவல் நிலையத்துக்கும் கடிதம் போனது. நாற்பத்தோராம் நாள், ஜனவரி 10, காலையில் பால்காரருக்கு 60 ரூபாய் அனுப்பிப் பார்த்தேன். போனது. 46,000 மட்டும் உள்ளே பூட்டப்பட்டு மீதி திறந்திருந்தது. அந்த "டிங்" சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

அந்த 46,000-க்கும் போராடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். நான் என் காசைக் கொடுத்துத்தானே வாங்கினேன், திருடவில்லையே. போலீஸ் மேல் கோபம், வங்கி மேல் கோபம். மார்ச்சில் வாட்ச்மேன் அண்ணன் மறுபடி பேசியபோது அந்த அதிகாரி புகார் கொடுத்தவரைப் பற்றிச் சொன்னார். ஓய்வு பெற்ற ஒரு பெரியவர், மின்கட்டணம் பாக்கி என்று வந்த ஒரு குறுஞ்செய்தியை நம்பி, இரண்டு லட்சத்துக்கு மேல் இழந்தவர். அதில் பிடிக்க முடிந்த பெரிய துண்டு என் கணக்கில் இருந்ததுதானாம். அண்ணன் அதை மொழிபெயர்த்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் கேட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். வக்கீல், நல்லெண்ணத்தில் விற்றவள் என்று நீதிமன்றத்தில் வாதாட இடமுண்டு, காலம் ஆகும் என்றார். ஒரு வாரம் யோசித்தேன். பிறகு ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். தியாகம் எல்லாம் இல்லை. பாதி அந்தப் பெரியவருக்காக, பாதி எனக்கு அலுத்துவிட்டதால். நீதிமன்ற உத்தரவு வந்து ஜூனில் பணம் போனது.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். எட்டாயிரத்துச் சொச்சம் அதிகம் கிடைக்கும் என்று ஆசைப்பட்டு இழந்தது: 46,000, தரகனுக்கு 6,000, வக்கீலுக்கு 8,000, நகை வட்டி, நோட்டரி, தபால், அபராதம் எல்லாம் சேர்த்து 3,000 சொச்சம். வரி தனி. கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீதம், அதன் மேல் 4 சதவீத செஸ். எனக்கு 43,000-க்கு மேல் வந்தது. பிட்காயினை யூ.எஸ்.டி.டி ஆக்கியதே வருமான வரிக் கணக்கில் ஒரு விற்பனை என்று ஆடிட்டர் சொல்லித்தான் தெரியும், ரூபாயாக்கினால்தான் வரி என்று நினைத்திருந்தேன். கையை விட்டுப் போன 46,000-க்கும் சேர்த்தே கட்டினேன் என்பது வேறு. வாங்கிய விலையைத் தவிர வேறு செலவு எதையும் கழிக்க விடமாட்டார்கள், ஒன்றில் வந்த நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் நேர்செய்யவும் முடியாது. 1 சதவீத டி.டி.எஸ் பிடித்திருந்தால் அதைக் கணக்குத் தாக்கலில் காட்டித் திரும்ப எடுத்துக்கொள்ளலாம், பலர் விட்டுவிடுகிறார்கள்.

இப்போது யாராவது கேட்டால் நான் சொல்வது இதுதான். அவசரத் தேவைக்கு பி-டு-பி பக்கம் போகாதீர்கள். மத்திய நிதி உளவுப் பிரிவில் பதிவான தளத்தில் விற்று, தளமே உங்கள் கணக்குக்கு அனுப்பும்படி எடுங்கள், இரண்டு மூன்று ரூபாய் குறைந்தால் குறையட்டும். அப்படியே பி-டு-பி செய்துதான் ஆக வேண்டும் என்றால், கிரிப்டோவுக்கென்று தனியாக ஒரு சேமிப்புக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள், சம்பளமோ தவணையோ அதன் பக்கம் வரக்கூடாது. பெயர் ஓர் எழுத்து மாறினாலும், இனிஷியல் விவகாரமாகத் தெரிந்தாலும்கூட, அடையாள அட்டை கேளுங்கள். வேறு ஆள் கணக்கென்றால் பொத்தானைத் தொடாமல் தளத்தில் முறையிடுங்கள். "அவசரம் மேடம்" என்று நிமிடத்துக்கு ஒருமுறை எழுதினால் எழுதட்டும். பால் பொங்கினால் அடுப்பை முதலில் அணையுங்கள்.

வாலட்டில் 0.002 சொச்சம் இன்னும் இருக்கிறது. தளம் போட்டாயிற்று, செயினும் திரும்பி வந்துவிட்டது. போன மாதம் இந்த வழக்குத் தாள்களையெல்லாம் ஒரு ஃபைலில் போட்டு வைத்தபோது, வீட்டுக்காரர் அதன் மேல் மார்க்கரால் "டீச்சர் கேஸ்" என்று எழுதினார். அப்புறம் "அந்தப் பன்னிரண்டு வார்த்தை எங்கே இருக்கு?" என்று கேட்டார். பீரோவின் எந்தத் தட்டு என்று அன்றுதான் அவருக்குக் காட்டினேன்.